ஊரப்பாக்கத்துக்குப் போன படம்

"ஸ்டூடியோவுக்குப் போனா அழிச்சுடுவாங்கண்ணா. நீயே எடுத்துக் குடு" என்று கோகிலவாணி கேட்டபோது வெற்றிவேலுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அழித்துவிடுவார்கள் என்று அவள் சொன்னது தன் இடது கன்னத்துத் தழும்பை. எட்டு வயதில் வடித்த கஞ்சிப் பாத்திரம் கவிழ்ந்து, காதோரம் தொடங்கித் தாடை வரைக்கும் வெந்துபோன இடம் அது. புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் சுருங்கி, சுற்றியிருக்கும் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுத்து, அப்படியே நின்றுவிட்டது. அது நடந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது.

கோகிலவாணி அதை மூடி வைத்தவள் இல்லை. மாடம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூன் மாதம் புது வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவாள். "இது கஞ்சி கொட்டினது. எல்லாரும் பாத்துட்டீங்களா? இப்போ போர்டைப் பாருங்க." அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் அதைப் பார்க்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணத்துக்கென்று படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் கன்னத்தை வழித்துப் பப்பாளிப் பழம் மாதிரி ஆக்கி, நிறத்தையும் நாலு மடங்கு கூட்டிக் கொடுத்தார்கள். "யாரு இவங்க? இவங்களுக்கும் மாப்பிள்ளை பாக்கணுமா?" என்று கேட்டு அவள் அதை அங்கேயே கிழித்தாள். பிறகு பாஸ்போர்ட் சைஸ் படம்தான் ஜாதகத்தோடு போய்க்கொண்டிருந்தது. பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன நாலு இடத்திலிருந்தும் படம் போன மறுநாளே ஜாதகம் திரும்பி வந்தது.

"அந்தப் படத்துல நீ போலீஸ் தேடுற ஆளு மாதிரி கீறம்மா" என்றார் தரகர் எத்திராஜ். அவர் தூரத்து உறவும் கூட, அதனால் எது வேண்டுமானாலும் பேசுவார். "நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு. ஊரப்பாக்கத்துல ஒரு பையன் கீறான், தங்கமான பையன்."

"நல்லதா எடுக்கலாம். ஆனா இது தெரியணும்" என்றாள் அவள். "வேணாம்னா படத்தைப் பாத்துட்டு அங்கேயே வேணாம்னு சொல்லட்டும். வூட்டுக்கு வந்து அம்மா சுட்ட போண்டாவைத் தின்னுட்டு வேணாம்னு சொல்ல வேணாம்."

அண்ணனிடம் கேட்டதற்குக் காரணம் இதுதான். வெற்றிவேல் எடுத்த படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டான். அதை அவனே பத்து பேரிடம் சொல்லிக்கொண்டு திரிபவன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி ரோட்டை ஒட்டி அவர்களுக்கு ஹார்ட்வேர் கடை. அப்பா ஜெயவேலு ஒரு காலத்தில் செம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு, அந்த பிளாட்டுகளில் வீடு கட்டுகிறவர்களுக்கே ஆணியும் குழாயும் விற்க ஆரம்பித்தார். கடையை இப்போது பார்த்துக்கொள்வது வெற்றிவேல். சீட்டு, சினிமா, குடி எதுவும் இல்லாத பையன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியபோது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவோடு வந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய லென்ஸ்களைத் தேட ஆரம்பித்தபோதுதான் அம்மா செல்லியம்மாள், "புதுச் செருப்பை அவுத்துப் போட்டுட்டு எவனோ போட்ட பழஞ்செருப்பை மாட்டிக்கினு வர்றான்" என்றாள்.

அந்தச் சந்தையில் உடைந்த ரேடியோக்களுக்கும் ஒற்றை மிக்ஸி ஜாருக்கும் நடுவில் கிடைத்தது ரஷ்ய லென்ஸ். முழுக்க இரும்பும் கண்ணாடியும்; கையில் வைத்தால் அரைக்கிலோப் படிக்கல் மாதிரி கனக்கும். பின்பக்கம் மரை. அவன் கேமராவுக்கும் அந்த மரைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு இணைப்பு வளையம் போட வேண்டும். அது ஹாங்காங்கிலிருந்து தபாலில் வந்தது. மாட்டினால் லென்ஸ் உட்காரும், அவ்வளவுதான். கேமராவுக்கு அப்படி ஒரு பொருள் தன் மூக்கில் இருப்பதே தெரியாது. தானாக போக்கஸ் செய்யாது. கண்ணை வைத்துப் பார்த்து, முன் வளையத்தைக் கையால் திருகி, உடம்பை ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரங்களில், லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருந்தது என்ற இடத்தில் வெறும் சைபர் இருக்கும். அதை அறிந்தவன் எடுத்தவன் ஒருவன்தான்.

அது வெற்றிவேலுக்குப் பிடித்திருந்தது. இணையத்தில் இந்தப் பழைய லென்ஸ் கோஷ்டி ஒன்று இருந்தது. கோயம்புத்தூர், பெங்களூர், எங்கெங்கோ இருக்கிறவர்கள். "நாம படம் எடுக்கிறோம், கேமரா எடுக்கலை" என்று அங்கே அவன் ஒருமுறை எழுத, இருபது பேர் ஆமாம் ஆமாம் என்று பதில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் படம் எடுத்தான். கோகிலவாணி மாம்பழ நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் தலை மாடிச்சுவருக்கு மேலே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டம் போட்டது.

"சிரிடி" என்றாள் செல்லியம்மாள், கையில் மீதிப் பூவை வைத்துக்கொண்டு.

"சிரிச்சுகினுதானேம்மா கீறேன்."

"அது சிரிப்பா? கணக்குல சைபர் வாங்கினவனைப் பாக்குற மாதிரி கீது."

கோகிலவாணி உண்மையாகவே சிரித்துவிட்டாள். வெற்றிவேல் அமுக்கினான். லென்ஸின் வாயைத் திறந்து மூடும் பின் வளையத்தை எட்டு என்ற எண்ணில் வைத்திருந்தான். எட்டில் வைத்தால் மூக்கு நுனி முதல் காது வரை எல்லாம் கூர்மையாக விழும். கேமராவின் பின்னால் இருந்த சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணிமை முடியை எண்ணலாம். கன்னத்தையும் பார்க்கலாம். ஒவ்வொரு சுருக்கமும், அதன் ஓரத்தில் விழுந்த மெல்லிய நிழலும், தோலுக்கும் தழும்புக்கும் நடுவில் இருக்கும் கோடும் அப்படியே இருந்தன. நல்ல படம். அவள் கேட்ட படம்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்தொரு வருஷமாக அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவனுக்குத் தழும்பு கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. இப்போதுதான், இந்தச் சின்னத் திரையில், மற்றவர்கள் பார்ப்பது என்ன என்று பார்த்தான். நாலு ஜாதகங்கள் ஏன் திரும்பின என்றும் தெரிந்தது. ஒரே ஒரு தடவை வந்து இவளோடு பேசிவிட்டால் அவர்களுக்கும் இது கண்ணில் படாமல் போய்விடும். வாசல் வரைக்கும் வரவழைக்கத்தானே படம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் தவறு இருப்பதாக அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

"வெயில் பின்னாடி இருக்கிற மாதிரி உக்காரு. முகத்தை உன் இடதுபக்கம் கொஞ்சம் திருப்பு" என்றான்.

"அப்படித் திருப்பினா இது தெரியுமா?"

"தெரியும், தெரியும்."

வளையத்தை எட்டிலிருந்து இரண்டுக்குத் திருப்பினான். இரண்டில் அந்த லென்ஸ் வாயை முழுக்கத் திறந்துகொள்ளும். அப்போது கூர்மையாக விழுவது ஒரு விரல்கடை ஆழம்தான். முன்னே பின்னே இருப்பதெல்லாம் கரைந்துவிடும். எதிர்வெயில் பட்டால் பழைய கண்ணாடிக்குள் வெளிச்சம் சிதறி, படத்தின் மேல் பால் தெளித்தது மாதிரி ஒரு மங்கல் விழும். புது லென்ஸ் செய்கிறவர்கள் அந்த மங்கலை ஒழிக்கத்தான் ஐம்பது வருஷம் பாடுபட்டார்கள். வெற்றிவேல் அவள் வலது கண்ணின் மேல் போக்கஸை வைத்தான். சாய்ந்தான். மூச்சைப் பிடித்தான். அமுக்கினான்.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் பார்த்தபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. வேப்பிலைகளின் இடைவெளிகள் எல்லாம் ஒளி வட்டங்களாகி அவள் தலையைச் சுற்றிச் சுழன்றன. வலது கண் ஈரத்தோடு மின்னியது. அந்தக் கண்ணிலிருந்து விலக விலக முகம் மெல்ல மெல்லக் கரைந்து, இடது கன்னம் வெளிச்சத்தில் கலந்துபோயிருந்தது. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவர் தேடினால்கூட நிழலோ என்றுதான் நினைப்பார். ஒரு புள்ளியும் அவன் அழிக்கவில்லை. அவன் அதுவரை எடுத்த படங்களில் அதற்கு நிகராக ஒன்றும் இல்லை. வம்பு அங்கேதான் இருந்தது. தங்கைக்காக அதை வைத்துக்கொண்டானா, லென்ஸுக்காக வைத்துக்கொண்டானா என்று பின்னாளில் யோசித்தபோது அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எட்டில் எடுத்த படங்களை நீக்கிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டான்.

"மத்ததெல்லாம் ஆடிப்போச்சு வாணி. இது ஒண்ணுதான் தேறுச்சு."

கோகிலவாணி நாற்காலியின் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானா?"

"பின்ன யாரு? நான் எதையும் தொடலை. சத்தியமா."

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். பிறகு, "சரி, குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு செல்லியம்மாள் எத்திராஜிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் எத்திராஜ் போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

ஒரு வாடகை வண்டியில் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை அருண்ராஜுக்கு முப்பத்தொரு வயது. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறவன். அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் அவன் அம்மா ஜோதிலட்சுமி பேசினாள். அவர்களும் நிலம் வைத்திருந்த குடும்பம்தான். ஜெயவேலுவும் அவளும் பத்து நிமிஷத்தில் எந்த ஏரி எப்போது வற்றியது என்ற பேச்சில் ஒன்றாகிவிட்டார்கள்.

கூடத்துச் சுவரில் செல்லியம்மாளின் பெரிய படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஜோதிலட்சுமி அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் ஜெயவேலுவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"எல்லாம் நம்ம பையன் எடுத்ததுதாம்மா. பல்லாவரம் சந்தையில பொறுக்கினு வந்தானே, அந்த ரஷ்யாக்காரன் லென்ஸு. புது லென்ஸெல்லாம் அதுகிட்ட பிச்சை வாங்கணும்பான். பொண்ணு படமும் அதுலதான் எடுத்தான்."

"உங்களை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி கீது அண்ணி" என்றாள் ஜோதிலட்சுமி.

"என் கிழட்டு மூஞ்சியை உரிச்சு வெச்சு இன்னா பிரயோஜனம்?" என்றாள் செல்லியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கோகிலவாணி காபித் தட்டோடு வந்தாள். முடியை இழுத்து வாரிப் பின்னியிருந்தாள். கன்னம் இரண்டும் வெளிச்சத்தில் இருந்தன. ஒவ்வொருவராக டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். ஜோதிலட்சுமியின் கை தட்டுக்கு வந்து அப்படியே நின்றது.

"தப்பா நினைச்சுக்காதம்மா" என்றாள். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. "இது இப்போ பட்டதா? படத்துல இல்லியே?"

"இல்லீங்க. எட்டு வயசுல."

ஜோதிலட்சுமி கைப்பையிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் படம் எடுத்தவன் பக்கம் திரும்பினார்கள். கோகிலவாணி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

ஒரே வாக்கியம் போதும். 'அவ தெரியணும்னுதான் சொன்னா, நான்தான் இப்படி எடுத்தேன்.' அது அவன் நாக்கு நுனி வரை வந்தது. வந்த இடத்தில் வேறொன்று முந்திக்கொண்டது.

"அது லென்ஸுங்க. ரொம்பப் பழைய லென்ஸ். அதுல எடுத்தா இப்படித்தான் கொஞ்சம் மங்கலா விழும். நம்ம கையில இல்லீங்க அது."

"அப்படியா?" ஜோதிலட்சுமி சுவரைப் பார்த்தாள். "அப்போ அது வேற லென்ஸா?"

"அதே லென்ஸுதான்மா. இப்போதானே சொன்னேன்?" என்றார் ஜெயவேலு. என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜோதிலட்சுமி மடியில் இருந்த படத்தையும் சுவரில் இருந்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அண்ணி மூக்குத்தியில எத்தினி கல்லுன்னு இங்க இருந்தே எண்ணிடலாம் போல கீது" என்று மட்டும் சொன்னாள்.

"வெளிச்சம் மேட்டருங்க அது. மொட்டை மாடி, வெயில் வேற..." என்று எத்திராஜ் ஆரம்பித்து, யாரும் தன்னைப் பார்க்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

காபியைக் குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிடித்திருந்தால் பெண்ணின் தலையில் வைப்பதற்கென்று கொண்டுவந்த பூப்பந்து, கூடையோடு திரும்பி வண்டியில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை எத்திராஜ் கடைக்குப் போன் செய்தார். வெற்றிவேல் ஒருவருக்கு முக்கால் அங்குலக் குழாய் அளந்துகொண்டிருந்தான்.

"மூஞ்சியில இருக்கிறதுக்காக இல்லியாம்பா. 'முன்னாடியே காட்டியிருந்தா நாங்களே வூட்ல பேசி முடிவு பண்ணியிருப்போம். மறைச்சு வெச்சுக் கூப்பிட்டாங்களே, இன்னும் இன்னா இன்னா மறைச்சுகினு கீறாங்களோ'ன்னு அந்தம்மா கேக்குது. நான் இன்னாத்தைச் சொல்றது? பேஜாராப் போச்சு."

வீட்டில் செல்லியம்மாள் இரண்டு நாள் புலம்பினாள். "அந்தக் கருமம் புடிச்ச லென்ஸைத் தூக்கிக் கெணத்துல போடுறா" என்றாள்.

"லென்ஸு இன்னாம்மா பண்ணும்?" என்றாள் கோகிலவாணி. அந்த விஷயத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அண்ணனிடம் முன்போலவே பேசினாள். டிபன் பாக்ஸை மூடி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வெற்றிவேல் அன்றைக்கே ஊரப்பாக்கம் போயிருப்பான். திட்டாததால் நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டான். நாளை என்பது ஆறு வாரம் ஆயிற்று. கடையில் வருஷ இருப்புக் கணக்கெடுப்பு வந்தது, மழை வந்தது, எதுவும் இல்லாத நாட்களும் வந்தன.

ஏழாவது வாரம் ஒரு வியாழக்கிழமை தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினான். ஊரப்பாக்கத்தில் இறங்கித் தண்டவாளத்தைக் கடந்து விசாரித்ததில் ஏஜென்சி உடனே கிடைத்தது. அருண்ராஜ் ஒரு குட்டி யானை லோடு வண்டியில் தண்ணீர் கேன்களைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தான். அடையாளம் தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க சார். தண்ணி சாப்புடுறீங்களா? இங்க அதுக்குப் பஞ்சம் இல்ல."

வெற்றிவேல் உட்காரவில்லை. ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். தங்கை தழும்பு தெரியும்படி எடுக்கச் சொன்னது, எட்டில் எடுத்தது, அதை நீக்கியது, வேண்டுமென்றே இரண்டுக்குத் திருப்பியது, எதிர்வெயிலில் உட்கார வைத்தது. லென்ஸைப் பற்றித் தேவைக்கு மேலேயே விளக்கினான். அருண்ராஜ் குறுக்கிடாமல் கேட்டான்.

"இதைச் சொல்ல உங்க தங்கச்சி அனுப்பினாங்களா?"

"இல்லை. அவளுக்கு நான் வந்ததே தெரியாது."

அருண்ராஜ் ஒரு கேனின் மூடியைத் தட்டி இறுக்கினான். "எனக்கு அந்தப் படம் பெரிசாப் புடிக்கலை சார். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ஏதோ காலண்டர் மாதிரி இருந்துச்சு. நேர்ல வந்து தட்டை நீட்டினாங்களே, அப்போதான் எனக்குப் புடிச்சுது."

வெற்றிவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா கேட்டாங்கள்ல, அப்போ எல்லாரும் உங்களையே பாத்தாங்க. நான் அவங்களைத்தான் பாத்துகினு இருந்தேன். அவங்க உங்களைப் பாத்தாங்க. நீங்க அந்த நேரத்துல இதே வார்த்தையைச் சொல்லியிருந்தீங்கன்னா, எங்கம்மாகிட்ட நான் பேசியிருப்பேன். அம்மா கேக்காதவங்க இல்ல." அந்தக் கேனை வண்டியில் ஏற்றிவிட்டு, "நீங்க லென்ஸுன்னீங்க" என்றான்.

"இப்போ வேணா நான் அம்மாகிட்ட வந்து..."

"போன ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தியாச்சு சார். கூடுவாஞ்சேரிப் பொண்ணு. தை மாசம் கல்யாணம்."

வண்டி ஓட்டுகிறவர் ஹாரன் அடித்தார். அருண்ராஜ் கடைசி இரண்டு கேன்களை ஏற்றிப் பின்கதவைச் சாத்தினான். "போன வாரம் வந்திருக்கலாம் நீங்க" என்றான். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. ரயிலைத் தவறவிட்ட ஒருவரிடம் சொல்வது மாதிரி.

வெற்றிவேல் வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. கோகிலவாணி பள்ளியிலிருந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "வாணி, நான் ஊரப்பாக்கம் போயிருந்தேன்" என்று தொடங்கினான். அங்கே சொன்ன எல்லாவற்றையும் இங்கேயும் சொன்னான். அருண்ராஜுக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதையும், தட்டு மாற்றியாகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கூட்டலைச் சரிபார்த்து டிக் கூடப் போட்டாள்.

"நீ வேணும்னுதான் எடுத்தேன்னு எனக்குத் தெரியும்ணா."

"எப்போ தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல காட்டினியே, அப்பவே. அம்மா படத்தை அதே லென்ஸுல நீ எடுத்தப்ப நான்தானே பக்கத்துல வெளிச்சத்துக்கு டார்ச்சும் தெர்மாகோலும் புடிச்சுகினு நின்னேன்? எத்தினில வெச்சா எப்படி விழும்னு அன்னிக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தியே."

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே. வேற எடுத்திருப்பேனே. அந்தம்மா கேட்டப்பவாவது நீ..."

"எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அவள் அடுத்த தாளை எடுத்தாள். பெயரைப் பார்த்தாள். திருத்தத் தொடங்கவில்லை.

"அந்தப் படத்துல இருந்தவளை எனக்குப் புடிச்சிருந்துச்சுண்ணா. அதான் ஒண்ணும் சொல்லலை. அந்தம்மா கேட்டப்பவும் அதான் வாய் வரலை. நானும் கூட்டுதானே? ஸ்கூல்ல, கல்யாண வூட்ல, பஸ்ஸுல எத்தினி பேர் பாத்தாங்க, கேட்டாங்க. ஒரு நாள் கூட நான் துப்பட்டாவை இழுத்துவிட்டது இல்ல. இது இல்லாம இருந்தா எப்படி இருப்போம்னு நினைச்சதுகூட இல்ல. நிஜமாவே இல்ல. நீ காட்டின பிறகுதான்..."

பின்கட்டிலிருந்து செல்லியம்மாள், "யாருடா அது, வந்துட்டியா? காபி வெக்கட்டா?" என்று குரல் கொடுத்தாள். "வெய்ம்மா, ரெண்டு பேருக்கும்" என்று கோகிலவாணிதான் சொன்னாள். பேனாவைத் தாளில் ஊன்றி முதல் கணக்கைப் படிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் கவனித்தான். எப்போதும் இழுத்து வாரிப் பின்னுகிற முடியை அவள் பக்கவாட்டில் வகிடெடுத்து, இடது காதை மூடிக் கன்னத்தின் மேல் வழிய விட்டிருந்தாள். தாளின் மேல் குனியும்போதெல்லாம் அது கண்ணில் விழுந்தது. அவள் ஒதுக்கினாள், ஒதுக்கிய கையாலேயே திரும்பவும் பழைய இடத்தில் இறக்கிவிட்டாள். கை பழகியிருந்தது. இது எத்தனை நாளாக நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தான். தினமும் அதே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவனுக்குத் தெரியவில்லை.